வலைக்கு வெளியே ஓர் ஆள்

நாலாக மடித்த பழைய வேட்டித் துணி ஒன்று எங்கள் வராந்தா ஆணியில் இன்னும் தொங்குகிறது. வருஷாவருஷம் அதை நனைத்துப் பிடித்துக்கொண்டு வலைக்கு வெளியே நின்றவன் என் தம்பி.

அம்பாசமுத்திரத்தில் அப்பா விட்டுப்போன வீடு இது. வீடு எனக்கு, பக்கவாட்டுக் காலிமனை தம்பிக்கு என்று பாகம் பிரித்தோம். மனையைப் பார்த்தபடி நீளும் வராந்தாவின் திறப்புகளில் பதினொரு கொசுவலைகள். எல்லாம் மரச்சட்டம் வைத்து ஆணியடித்தவை, கழற்ற முடியாது. மாசியில் பிசான நெல் அறுவடை முடிந்ததும் வயல் தூசி அவற்றை அடைத்துவிடும். என் மனைவிக்கு மூச்சிளைப்பு. அந்த வராந்தாக் காற்றில் உட்கார்ந்துதான் அவள் இரவைக் கழிப்பாள். அதனால் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வரும் தம்பி, முதல் நாளே வந்து என்னோடு வலை துடைப்பான். உள்ளே நின்று நான் பிரஷ்ஷால் தேய்ப்பேன். வெளியே அவன் ஈரத்துணியை வலையோடு ஒட்டிப் பிடிப்பான். துணிக்குத் தப்பிய தூசியெல்லாம் அவன் முகத்துக்குத்தான்.

“ஆறு முடிஞ்சுது, இன்னும் அஞ்சு” என்பேன்.

“செத்த கொசுவையும் எண்ணிருங்க அண்ணாச்சி, பாவம், கணக்குல விட்டுப்போயிரும்” என்பான் வலைக்கு அப்பாலிருந்து. ஒருமுறை நான் கேட்காமலேயே சொன்னான்: “இந்த மனையில ஒருத்தன் செங்கல் வைக்க விடமாட்டேன். மதினிக்குக் காத்து வேணும்லா.” அந்தச் சொல்லை நம்பித்தான் வேறு வீடு பார்க்காமல் இருந்தோம்.

போன பங்குனியில் அவன், “முட்டு வலிக்கி, இந்தத் தடவை நீங்க வெளிய நில்லுங்க” என்றான். நின்றேன். மூன்றாவது வலையில் இருக்கும்போது உள்ளே யாரோ ஒருவர் வந்தார். தூசிக்குள் முகம் தெரியவில்லை. “கூட வேலை பாத்தவரு, கோயிலுக்கு வந்திருக்காரு” என்றான் தம்பி. என் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தாள். வந்தவர் டம்ளரோடு ஒவ்வொரு வலையருகிலும் நின்று வெளியே பார்த்தார். என்னைப் பார்க்கிறார் என்று நினைத்து, துணியைப் பிடித்தபடியே சிரித்துவைத்தேன். மறுநாள் சாஸ்தா முன்னால் தம்பி எனக்குத் திருநீறு பூசிவிட்டான்.

சித்திரையில் ஒருவர் அளவு நாடாவோடு மனைக்குள் இறங்கினார். வராந்தாப் பக்கம் திரும்பி, “அன்னைக்குக் காப்பி நல்லா இருந்துச்சு அண்ணாச்சி” என்றார். மனையை வாங்கியவர் அவர்தான். வேறொன்றும் அறியாத மனிதர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

தம்பியைப் போனில் கேட்டேன். “முன்னாடியே சொன்னா நீங்க விடமாட்டீங்கல்லா” என்றான். விட்டிருக்க மாட்டேன்தான். கெஞ்சியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டைக்குக்கூட இடம் தராமல், என் கையில் ஈரத்துணியைக் கொடுத்து வெளியே நிறுத்திவிட்டு, என் வீட்டுக்குள்ளிருந்தே மனையை விலைக்குக் காட்டியிருக்கிறான். விற்றதைவிட அதுதான் ஆறவில்லை.

இப்போது வலைகளுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிச் சுவர் நிற்கிறது. மனைவி தெருவாசல் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சுவாங்குகிறாள். இந்தப் பங்குனிக்குத் தம்பி வரவில்லை. பதினொன்றையும் உள்பக்கம் மட்டும் தேய்த்தேன். வெளியே போன தூசி சுவரில் மோதித் திரும்பி வலையிலேயே வந்து உட்கார்ந்தது. துணி ஆணியிலேயே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்க வெளியே இடமில்லை.