இறந்தவர் வழிமொழிந்த சம்பள உயர்வு

மின்விசிறி செய்து விற்கிற அந்தக் கம்பெனியின் பதினான்காவது மாடியில் ஒரு மின்விசிறிகூடக் கிடையாது. அங்கே ஏசி குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, லிஃப்டுக்கு எதிரே இருந்த சிறிய அறையில் முப்பத்தாறு வருடங்களாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் மினிட்ஸ் அக்கா என்றே கூப்பிட்டார்கள். மேலிடத்துக் கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள் என்று குறிப்பெடுத்து, தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலை. இத்தனை வருடங்களில் ஒரு எழுத்துப்பிழைகூட விட்டதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவருடைய சம்பளத்துக்கு அந்த அளவு கர்வத்தைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

கூட்டங்களிலேயே புனிதமானது சம்பளக் குழுக் கூட்டம். கம்பெனியின் எம்.டி.க்கு அடுத்த வருடம் எவ்வளவு கொடுக்கலாம் என்று மூன்று பேர் கூடி முடிவு செய்வார்கள். ஒருவர் டயர் கம்பெனிக்குத் தலைவர், ஒருவர் சிமென்ட் கம்பெனிக்கு, இன்னொருவர் பெயின்ட் கம்பெனிக்கு. அவர்களுடைய கம்பெனிகளின் சம்பளக் குழுக்களில் இந்த எம்.டி. உட்கார்ந்திருந்தார். யாரும் யாருக்கும் சலுகை காட்டவில்லை. ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு ஆலோசகர் வேறு வந்து, நம் எம்.டி. சராசரிக்குக் கீழே போய்விடக்கூடாது என்று அறிக்கை கொடுப்பார். அதே ஆலோசகர் மற்ற கம்பெனிகளுக்கும் அதே அறிக்கையைக் கொடுத்ததால், சராசரி பாவம், வருடா வருடம் மூச்சிரைக்க மேலே ஓடிக்கொண்டிருந்தது.

பத்து வருடங்களுக்கு முன்னால் ஒரு தடவை அவர்கள் நிஜமாகவே மூன்று மணி நேரம் பேசினார்கள். அதை அக்கா அப்படியே எழுதினார். அடுத்த வருடம் கம்பெனியின் செயலாளர் வந்து, "அக்கா, புதுசா எதுக்கு சிரமம்? போன வருஷ ஃபைலை எடுத்து தேதியையும் தொகையையும் மாத்திடுங்க, போதும்" என்றார். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வருடா வருடம் உறுப்பினர்கள் மூன்று மணி நேரம் ஆழ்ந்து விவாதித்தார்கள். வருடா வருடம் பெயின்ட்காரர், இந்த உயர்வு மிகக் குறைவு என்று மனம் வருந்தி வழிமொழிந்தார்.

பெயின்ட்காரர் இறந்துபோன வருடமும் வழிமொழிந்தார்.

ஆண்டறிக்கையின் ஆறாம் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் அவருக்கு அஞ்சலி. அறுபத்தோராம் பக்கத்தில், சம்பளக் குழுவின் குறிப்பில், காலமாகி நான்கு மாதம் கழித்து, அவர் மனம் வருந்திக்கொண்டிருந்தார். அந்த அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே மனிதர், நாற்பது பங்குகள் வைத்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். அடுத்தவர் கடிதத்தைப் படிக்காமலே ஆயுசைக் கழித்தவர், தன் பெயருக்கு வந்ததை விடுவாரா? நேரே நீதிமன்றத்துக்குப் போய், எம்.டி.யின் சம்பளம் அநியாயம், அதற்கு ஒரு வரம்பு கட்டுங்கள் என்று வழக்குப் போட்டுவிட்டார்.

அக்கா சாட்சியாக அழைக்கப்பட்ட அன்று செயலாளர் அவர் அறைக்கு வந்து, முதல் முறையாக உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"அக்கா, சிம்பிள். டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிடுங்க."

"எது மிஸ்டேக்கு? பேரா, இல்ல முழுப் பாராவுமா?"

"ஏதோ ஒண்ணு. உங்களுக்கு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் பதினோரு மாசம்தானே இருக்கு? பொய் ரெக்கார்டு தயார் பண்ணினாங்கன்னு விசாரணை வந்துட்டா, முப்பத்தாறு வருஷ பணிக்கொடையும் நின்னுடும். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குச் சொல்லிவிட்டு அவர் போனார். அன்று சாயங்காலம் அக்கா, பம்பு ரிப்பேர் கடை வைத்திருந்த கணவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"சொல்லிட்டுப் போயேன். ஒரு பொய்தானே?" என்றார் அவர், கையில் ஒட்டியிருந்த கிரீசைத் துடைத்தபடி.

"என்னங்க, நான் தப்பா டைப் அடிச்சேன்னு கோர்ட்டுல ஊரறியச் சொல்லணுமாம்."

"ஓ, அதுதான் உறுத்துதா? செத்தவரைப் பேச வெச்சது உறுத்தல?"

"பத்து வருஷமா உயிரோட இருந்தவங்களையும் நான்தானே பேச வெச்சேன்? அது உறுத்தாம இருக்குமா?"

கணவர் கிரீஸ் துணியை மூலையில் போட்டார். "பணிக்கொடை வந்தா மேல ஒரு ரூம் கட்டலாம்னு இருந்தோம். வரலைன்னா, மேல வானம்தான் இருக்கு. உன் இஷ்டம்."

நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார். எவ்வளவு சம்பளம் அதிகம் என்று நிர்ணயிப்பது நீதிமன்றத்தின் வேலையே அல்ல, சந்தையின் வேலை என்றார். எம்.டி. ஒரு வருடம் வாங்குவதைச் சம்பாதிக்க, கம்பெனியின் மெஷினில் நிற்கும் தொழிலாளி நானூறு வருடம் நிற்க வேண்டும் என்றார் தபால்காரர். அதற்கு வக்கீல், நானூறு வருடம் யாரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளும் திட்டம் கம்பெனிக்கு இல்லை என்று பதில் சொன்னார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு கொடுக்கலாம்னு எனக்குத் தெரியாது. எனக்குக் கொடுக்கறதே குறைச்சல்னு நினைக்கிறவன் நான். அதனால அதுல என் தீர்ப்பு சரியா வராது. ஆனா செத்தவர் பேசினார்ங்கறது என் வேலைக்குள்ள வரும். அம்மா, இது தட்டச்சுப் பிழைதானா?"

அக்கா செயலாளரைப் பார்த்தார். அவர் தலையைக் கொஞ்சமாக ஆட்டினார்.

"இல்லைங்க ஐயா. ஒரு எழுத்துகூட பிழை கிடையாது. போன வருஷமும் இதேதான் இருக்கும், எடுத்துப் பாருங்க. அதுக்கு முந்தின வருஷமும்."

"அப்போ மூணு மணி நேர விவாதம்?"

"பதினோரு நிமிஷம் ஐயா. அதுல ஏழு நிமிஷம் காபி."

"குறிப்பு எப்போ டைப் அடிப்பீங்க?"

"முன்னெல்லாம் கூட்டம் முடிஞ்சதும். இப்பெல்லாம் அவங்க வர்றதுக்கு முன்னாடியே அடிச்சு வெச்சிடுவேன். கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம்னு."

தீர்ப்பு சின்னதாக இருந்தது. சம்பளத்துக்கு வரம்பு கட்ட நீதிமன்றம் மறுத்தது. ஆனால் அந்த வருட உயர்வு செல்லாது. குழு திரும்பக் கூட வேண்டும். ஏன் கொடுக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டும். அதை இதே அம்மாதான் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். தபால்காரர் தோற்றுவிட்டதாக நினைத்து வருத்தப்பட்டார். எம்.டி. ஜெயித்துவிட்டதாக நினைத்து கேக் வெட்டினார்.

கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. டயர்காரரும் சிமென்ட்காரரும் மட்டும் வந்திருந்தார்கள். மூன்றாமவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. காலியாக இருந்தும் அந்த நாற்காலி ஒழுங்காக வழிமொழிந்துகொண்டிருந்ததே!

"சந்தை நிலவரத்தைப் பார்த்தா..." என்று ஆரம்பித்த டயர்காரர், நகரும் பென்சிலைப் பார்த்து நிறுத்தினார்.

"நீங்க சொல்லுங்க சார்" என்றார் சிமென்ட்காரர்.

"இல்ல, நீங்களே சொல்லுங்க. நீங்கதான் சீனியர்."

"போன வருஷம் லாபம் எவ்வளவு?"

"லாபம் இல்ல, நஷ்டம்."

"அதை எழுதாதீங்கம்மா."

அக்கா எழுதினார்: 'அதை எழுதாதீங்கம்மா என்று சிமென்ட் கம்பெனித் தலைவர் கேட்டுக்கொண்டார்.' பிறகு: '10.25 முதல் 10.50 வரை யாரும் பேசவில்லை.'

சிமென்ட்காரர் எரிச்சலோடு சொன்னார்: "இங்க பாருங்க, இவருக்கு நாம குறைச்சா, நாளைக்கு நம்ம குழுவுல இவர் நமக்குக் குறைப்பார். இதுல பேச என்ன இருக்கு?"

அந்த அறையில் பத்து வருடங்களில் சொல்லப்பட்ட முதல் காரணம் அது. அக்கா அதை அழகாகத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போடுமிடத்தைப் பென்சிலால் குறித்து, இருவர் முன்னாலும் வைத்தார். கையெழுத்துப் போட்டால் அது நீதிமன்றத்துக்குப் போகும். போடாவிட்டால் உயர்வு கிடையாது. இருவரும் பேனாவைத் தேடினார்கள். சட்டைப்பையில் குத்தியிருந்த பேனா இருவருக்குமே அகப்படவில்லை. அந்த வருடம் எம்.டி. பழைய சம்பளத்திலேயே காலம் தள்ள வேண்டியதாயிற்று. நானூறு வருடச் சம்பளத்தில் மனிதர் எப்படித்தான் சமாளித்தாரோ.

கோபம் யார் மேல் திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. பொய்யான ஆவணம் தயாரித்த குற்றத்துக்காக மினிட்ஸ் அக்கா மேல் விசாரணை என்று கடிதம் வந்தது. விசாரணைக்கும் ஒரு குழு, குழுவுக்கும் ஒரு கூட்டம். செயலாளர் தலைமையில் மூன்று பேர் மேசையின் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். அக்கா எதிரே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.

"அக்கா, இது உங்க மேல விசாரணை. நோட்டு எதுக்கு?"

"மினிட்ஸ் யாரு எடுப்பாங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது.

"சொல்லுங்க தம்பி" என்றார் அக்கா. "போன வருஷ ஃபைலை எடுத்து தேதி மாத்தச் சொன்னது யாருன்னு முதல்ல கேப்பீங்களா? இல்ல, அதைக் கடைசியில கேப்பீங்களா? அதுக்கேத்த மாதிரி இடம் விட்டு எழுதணும்."

செயலாளர் தண்ணீர் குடித்தார். கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. அதையும் அக்காதான் எழுதினார், நேரத்தோடு: 'தொடங்கியது 3.00. முடிந்தது 3.04.'

அடுத்த தேதி வருவதற்குள் அக்காவின் பதினோரு மாதம் முடிந்து, பணிக்கொடையும் கைக்கு வந்துவிட்டது.