வெயிலில் காய்ந்த சுக்கு

மட்டாஞ்சேரியில் எங்கள் சுக்குக் கிடங்குக்கு வந்த அரசு ஆய்வாளர் சட்டை கசங்காத மனிதர். எதையும் கையால் தொடமாட்டார். பேனாவால் குத்திப் பார்ப்பார். முற்றத்து வெயிலில் காயவைத்தால் தூசி படியுமாம். இஞ்சியைக் கூரைக்கடியில்தான் உலர்த்த வேண்டும் என்று உத்தரவு எழுதினார்.

“இந்தக் காயல்கரைத் தண்ணிக் காத்து ஈரத்துல பூசணம் பிடிக்குமே, சாரே.”

“விதி அப்படியாக்கும், சேட்டா.”

அடுத்த மாதம் அவரே வந்து, சரக்கில் பூசணம் என்று நோட்டீஸ் நீட்டினார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார்:

“பழைய சரக்கு, வெயில்ல ஒணக்கினது, கொஞ்சம் உண்டோ? வீட்டுல சுக்குக் காப்பிக்கு.”

பூசணம் பிடித்ததில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். “உங்க விதிப்படி காய்ஞ்சது, சாரே.”

முதன்முறையாகக் கையால் தொட்டு, முகர்ந்து, முகம் சுளித்துத் திருப்பித் தந்தார். வெட்கம் மட்டும் அந்த முகத்தில் கடைசிவரை வரவேயில்லை.