பாண்டு குழியில் கிடந்தவர்

வெண்ணந்தூருக்கு மேற்கே எங்கள் மேட்டுக்காட்டில் புதுக் கிணறு வெட்ட அய்யன், என் அப்பா, ஆள் விட்டிருந்தார். என் தங்கையின் கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. அது முடியட்டும் என்று என் அய்யனிடம் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. பழைய கிணறு வற்றிப் போனதால் அவரும் காத்திருக்கிற நிலையில் இல்லை.

இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ஒரு பலகைக் கல்லில் பட்டது. அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்டது. மண்ணை ஒதுக்கினோம். நாலு பக்கமும் கல் நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய பெட்டி. கிழக்குக் கல்லில் வட்டமாக ஒரு துளை. பாண்டு குழி என்று சொல்லி ஆட்கள் கரையேறி விட்டார்கள்.

அந்தக் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மனிதருக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் பாண்டு என்று ஒரு கூட்டம் இருந்ததாம். வானத்திலிருந்து நெருப்பு மழை கொட்டப் போவதை அறிந்து, கல்வீடு கட்டி உள்ளே போய் அடைத்துக்கொண்டார்களாம். எங்கிருந்து வந்தவர்கள் என்று யாரும் சரியாகச் சொன்னதில்லை. அவர்களே வானத்திலிருந்து இறங்கியவர்கள் என்பாரும் உண்டு.

கிணறு வெட்டுகிறவர்களின் தலைவர் அய்யனிடம் வந்தார்.

"உள்ள எலும்பு கெடந்து, அது ஆளா இருந்தா, காட்டுக்காரர் ஊட்டுச் சாவுங்க பண்ணாடி. ஆளில்லாட்டி சாமி. பாக்காம நாங்க கை வெக்க மாட்டோமுங்க."

எங்கள் ஊர் வழக்கமும் அதுதான்; யார் நிலத்தில் எலும்பு கிடைக்கிறதோ அவர் வீட்டுச் சாவு. சாவு என்றால் பதினாறு நாள் தீட்டு, கல்யாணம் நிற்கும். போதாததற்கு, மாப்பிள்ளையின் தாய்மாமன் பந்தல் பேச்சுக்காக அன்று காலைதான் ஓமலூரிலிருந்து வந்து, குடையோடு குழி மேட்டில் நின்றிருந்தார். முகூர்த்தம் ஒருமுறை தள்ளினால் பெண்ணுக்கு ராசியில்லை என்று வேறு இடம் பார்த்துவிடுகிற குடும்பம் அது.

துளைக்குள் புகக்கூடிய உடம்பு எனக்குத்தான் இருந்தது.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. துளை வழியாக வந்த வெளிச்சத்தில் கருப்பும் சிவப்புமான கலயங்கள் தெரிந்தன. துருவேறிய இரும்பு ஒன்று. அப்புறம் தேய்ந்த பல் வரிசை. வெகுகாலம் மென்று தின்றவரின் பல். பக்கத்தில் ஒரு கால் எலும்பு. என் காலை நீட்டி அதன் அருகில் வைத்தேன். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஒரே அளவு. இம்மி குறையவில்லை.

வெளியே அய்யன் என்னடா என்றார். நான் காலை மடக்கிக்கொண்டேன்.

"சீக்கிரம் வாங்க மச்சான்," என்று துளையில் குனிந்து என்னிடம் சொன்னார் தாய்மாமன். "குள்ளச்சி ஒருத்தி இருந்தா உங்களுக்கே பேசி முடிச்சரலாமுங்க."

ஆட்கள் சிரித்தார்கள். அய்யன் சிரித்த சத்தம் கேட்கவில்லை.

நான் ஊர்ந்து வெளியே வந்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அய்யன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மளாட்ட ஆளில்லீங்க," என்றேன்.

தலைவர் விடவில்லை. "கால் எலும்பு எத்தன நீளமுங்க சாமி?"

கையை விரித்து ஒரு சாண் காட்டினேன்.

அவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, குழியை மூடி, மேலே ஒரு கல்லை நட்டார்கள். கிணற்றை இருபது முழம் தள்ளித் தொடங்கினார்கள். நானும் கும்பிட்டேன். நம் ஆளை ஆளில்லை என்று சொல்லிவிட்டு எதைக் கும்பிடுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு தினமும் விடியுமுன் ஏரியில் எஞ்சியிருந்த குட்டையில் சாவு வீட்டுக்காரனைப் போலத் தலைமுழுகினேன். யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் கல்யாணத்தில் கைகோர்வை உண்டு. பெண்ணின் உடன்பிறந்தவன் மாப்பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து அவர் கையோடு கை கோர்க்க வேண்டும். வாழ்த்துப் பாட்டு முடியும்வரை எடுக்கக் கூடாது. தீட்டுக்காரன் தொடக் கூடாத சடங்கு. மனையில் உட்கார்ந்து கை கோர்த்தேன். பாட்டு நீண்டுகொண்டே போனது. நடுவில் நான் விரலைத் தளர்த்தியது மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெண் வீட்டு மச்சானுக்குக் கூச்சம் சாஸ்தி என்று பின்னாலிருந்து தாய்மாமன் சொன்னார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பதினாறில் எனக்கு அன்று ஒன்பதாம் நாள்.