எண் அழிந்த டியூப்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு ஸ்பிரிட் அக்கா என்று பெயர். கிருமி ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாக உதவியாளர். கிருமி வளர்க்கும் தட்டுகளைத் தயாரிப்பது, கழுவுவது, வேகவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எதைத் தொட்டாலும் முதலில் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு துடை. ஒருமுறை நான் நீட்டிய மிட்டாய் டப்பாவையே துடைத்துவிட்டுத்தான் திறந்தார்.

"உன் கை மேல நம்பிக்கை இருக்கு தம்பி. அதுல குடியிருக்கிறதுங்க மேலதான் இல்ல" என்றார்.

நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், எடை குறைந்த உலோக அமைப்புகள் செய்யும் பட்டறையில் இருக்கிறேன். நொறுங்கிய எலும்புக்குப் பதிலாக வைக்கும் துண்டுகளை ஓட்டை ஓட்டையாக, தேன்கூடு மாதிரி செய்வோம். கையில் வைத்தால் கனமே தெரியாது. ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். அந்த ஓட்டைகளுக்குள் எலும்பு வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

அக்காவின் கணவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியபோது, உள்ளே வைத்த துண்டு நான் செய்தது. எலும்பு வளருமுன் கிருமி குடியேறிவிட்டது. நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் அதற்கு நல்ல வசதி. ஏற்றிய மருந்து எதற்கும் அது அசையவில்லை. பட்ட காலிலே படும் என்று யாரோ ஆறுதலாகச் சொன்னபோது எனக்கு அடிக்கலாம் போல இருந்தது. இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், அப்புறம் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஆய்வுக்கூடத்தை நடத்தும் டாக்டரம்மா, கிருமியைக் கொல்லும் வைரஸ்களைச் சாக்கடைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்து அறுபது டியூப்களில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியும் சம்மதிக்க, கணவரின் சீழில் இருந்த கிருமியைத் தட்டில் வளர்த்து, ஒவ்வொன்றாகச் சொட்டுவிட்டுப் பார்த்தார் அக்கா. ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் என்னை மேலே கூப்பிட்டார். தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி கிருமி படர்ந்திருந்தது. நடுவில், நாற்பத்தேழாம் டியூபின் சொட்டு விழுந்த இடத்தில் மட்டும், பொத்தான் அளவு வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

"பாரு தம்பி, தொடச்சு விட்ட மாதிரி இருக்கு! கால் பொழைச்சிடும்டா!"

பதினாறு வருடத்தில் அவர் என்னை 'டா' போட்டது அன்றுதான்.

மிச்சமிருந்தது சில சொட்டுகள். அதைப் பெருக்கினால்தான் மருந்தாகும். மறுநாள் பெருக்குவதற்காகப் புது டியூபுக்கு மாற்றினார். ஸ்பிரிட்டுக்கு அழியாத பேனா காய்ந்து போயிருந்தது. சந்தோஷத்தில் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி 47 என்று எழுதினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நான் கிளம்பியபின், குளிர்பெட்டியில் வைக்குமுன், பழக்க தோஷம், ஒரு துடை துடைத்திருக்கிறார்.

அந்தக் கூடத்துச் சுவரில் அவரே எழுதி ஒட்டிய சட்டம் ஒன்று உண்டு: 'எண் இல்லாத டியூபுக்கு இரக்கம் இல்லை. நேராகக் குக்கருக்கு.' நீராவியில் வேகவைக்கும் இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயர் குக்கர். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கமில்லாமல் வந்தவர், எண் இல்லாத டியூப் இரண்டைப் பார்த்திருக்கிறார். மாணவர்கள் இப்படி விட்டுப்போவது வழக்கம். அவர்களைத் திட்டிக்கொண்டே, பார்த்து முடித்த தட்டுகளோடு சேர்த்து இரண்டையும் உள்ளே போட்டு மூடிவிட்டார்.

"நாற்பத்தேழு எங்கம்மா?" என்று டாக்டரம்மா கேட்டபோது இயந்திரம் ஓடி முடித்திருந்தது. அக்கா சுவரில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

டாக்டரம்மா அதே சாக்கடைக்கு ஐந்து தடவை போய்த் தண்ணீர் எடுத்தார். அந்த வைரஸ் மறுபடி கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கணவருக்குக் காய்ச்சல் ஏறியது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது, அந்த மனிதர் பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டி மருந்தே கண்டுபிடிச்சிட்டா சார். இந்தக் காலுக்குத்தான் பொறுமை இல்ல."

அக்கா போர்வையை, தட்டையாகக் கிடந்த பக்கத்தில், இழுத்து இழுத்துச் சரிசெய்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"அவர்கிட்ட சொல்லலையாக்கா?"

"சொன்னா மன்னிச்சிடுவாரு தம்பி. அதை என்னால தாங்க முடியாது."

பேனா என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நடந்துவிட்டார்.

போன வாரம், காலிலிருந்து எடுத்த அந்த உலோகத் துண்டு ஆராய்வதற்காக என் மேஜைக்கே வந்தது. அக்காதான் வேகவைத்துக் கொண்டுவந்தார். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"எதுவுமே எழுதலையேக்கா?"

"பை மேல தேடாத. துண்டுல பாரு."

ஓரத்தில் ஓட்டை இல்லாத பகுதியில் ஊசியால் கீறியிருந்தார். அது ஆஸ்பத்திரி கொடுத்த எண் இல்லை. 47.

என் கையிலிருந்து அதை வாங்கி, இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து, அந்த இடத்தை அழுத்தித் துடைத்தார். எண் அப்படியே இருந்தது. மறுபடியும் துடைத்தார்.