கடைசியாய்த் திறந்த கதவு

தொலைபேசியை எடுத்தபோது மங்களா அக்காவின் குரல்தான் கேட்டது. "வசந்தி, மங்களா காலமை எங்களை விட்டுப் போட்டா."

ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான், பேசியது அவருடைய கணவர் யோகன் அண்ணை என்று உறைத்தது. பாரிசவாதத்தில் பேச்சிழந்த அவருக்காக அக்கா ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தார். அண்ணை ஒற்றை விரலால் எழுதுவதை அது வாசிக்கும். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சை வாசிக்கும் குரல் வேறெங்கும் கிடைக்காததால், அக்கா தன் குரலையே துண்டு துண்டாகப் பதிந்து அதில் ஏற்றியிருந்தார். தன் மரணச் செய்தியை அக்காவே சொன்னதுபோல் ஆயிற்று. சுவாமி அறைக்குப் போய் விளக்கேற்றினேன்.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கணினி இயங்குதளத்தின் கருவான கேர்னல் நிரலை எழுதுவதுதான் அக்காவின் வேலை. நான் பிராங்பேர்ட்டில் வீட்டோடு இருப்பவள். பிள்ளைகள் கழித்துவிட்ட மடிக்கணினியில் நானாகவே நிரல் படித்தவள். கோயிலில்தான் எங்களுக்குப் பழக்கம். அக்கா கும்பிடுவது குறைவு, அண்ணைக்காக வருவார். வீட்டுக் கணக்கோடு கோயில் மடைப்பள்ளிக் கணக்கையும் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் பெட்டியின் நிரலை வாசிக்கத் தந்தார்.

"வரவையும் செலவையும் சோடி பாக்கிற கண் உமக்கு. இதிலயும் திறந்ததெல்லாம் மூடிக்கிடக்கோ எண்டு பாரும்."

பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கணினிப் பலகையை எடுத்துவிட்டுக் கூடிய நினைவகமுள்ள போர்டு மாற்றிய கிழமை, அது பேச்சின் நடுவே ஊமையாகிவிட்டது. எங்கள் இருவரின் மடிக்கணினியிலும் அதே நிரல் பிசகின்றி ஓடியது. அண்ணை கைபேசியில் எழுதிக் காட்டினார்: "நான் கதைச்சது போதுமெண்டு பெட்டி முடிவெடுத்திட்டுது."

"பெட்டிக்கும் உங்களை விளங்கீட்டுது" என்றார் அக்கா. ஆனால் பிழை பிடிபடும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பிடிபட்டதும் எனக்கு விளக்கினார். மடிக்கணினியின் 64 பிட் புரொசெசரில் கேர்னலுக்கு முகவரிகள் ஏராளம். நினைவகம் முழுவதும் எப்போதும் அதன் கண்முன்னே இருக்கும். பெட்டியின் 32 பிட் புரொசெசரில் முகவரிகள் குறைவு. ஓர் எல்லைக்கு அப்பால் உள்ள நினைவகத்தைத் தொடவேண்டுமானால் தற்காலிகமாக ஒரு கதவைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடவேண்டும். இரண்டு கதவுகளைத் திறந்தால், பிந்தித் திறந்ததை முந்தி மூடவேண்டும். நிரலில் இரண்டும் மூடித்தான் இருந்தன, வரிசைதான் மாறியிருந்தது. மடிக்கணினியில் அந்த இடத்தில் கதவே இல்லாததால் பிழையும் தெரியவில்லை.

"நீர் கோயில் பூட்டுற மாதிரித்தான், வசந்தி. மூலஸ்தானத்தைப் பூட்டாமல் வெளிவாசலைப் பூட்டுவீரோ?"

"பூட்டினால் ஐயர் உள்ளுக்க நிக்கவேண்டியதுதான்."

"அதுதான் நடந்தது. இவரின்ர பேச்சு உள்ளுக்க நிண்டிட்டுது."

அன்று பெட்டியில் இருப்பதைப் போலவே இன்னொரு போர்டை என்னிடம் தந்தார். "லப்டொப் சாட்சி சொல்லாது. இதில ஓடினாத்தான் நீர் ஓம் எண்டு சொல்லும்."

பிறகு அக்கா நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவருக்குப் பெட்டியின் கவலைதான். பழைய புரொசெசர்களுக்கான இந்தக் கதவுகளைக் கேர்னலிலிருந்து எடுத்துவிடலாமா என்று அதை எழுதுபவர்கள் பேசிக்கொள்கிறார்கள். "எடுத்தாலும் இவர் கதைக்கோணும். பாப்பீரோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, பாப்பன்" என்றேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின், பெட்டிக்கு ஏற்றவேண்டிய புதிய கேர்னலை என் போர்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, எஸ்-பான் ரயிலில் டார்ம்ஸ்டாட் போனேன். மாற்றுவதற்காகப் பெட்டியை அணைத்தபோது அண்ணை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்பப் பேசாவிட்டால் அவருக்குத் தன் பேச்சும் இல்லை, அக்காவின் குரலும் இல்லை. புதியதை ஏற்றி, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பெட்டியை மறுபடி இயக்கினேன். அண்ணை மெல்ல மெல்ல எழுதினார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன்" என்றது அக்காவின் குரல்.

நான் வெளிக்கிடும்போதெல்லாம் அக்கா வாசலில் நின்று சொல்வது அது. அண்ணை அதை நினைத்துத்தான் எழுதினாரோ தெரியாது. கேட்கவில்லை. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அக்கா தந்த போர்டு என் சமையலறை யன்னலோரம் இருக்கிறது. எந்த மாற்றத்தையும் முதலில் அதில்தான் ஓட்டிப் பார்க்கிறேன். அவருடைய குரலை மட்டும் அதில் ஏற்றவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு மணியோசை போதும். அந்தக் குரல் யோகன் அண்ணை கதைப்பதற்கு.