நாலு வரி ஸ்கிரிப்ட்டும் நான் போட்ட ஆட்டமும்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மகள் கயலின் கல்யாண வரவேற்பு. அங்கே நான் மேடையேறி நடனம் ஆடினேன்.

மறுபடி படிக்க வேண்டாம், சரியாகத்தான் படித்தீர்கள். நடனம். நான். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி, பட்டு வேட்டி... எல்லாம் சேர்ந்துதான் ஆடின.

ஆடியதுகூடப் பெரிதில்லை. அதற்கு முன்னால் ஒன்றரை மாதம் நான் ஒரு ரகசிய வாழ்க்கை நடத்தினேனே... அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று கயல் கேட்டாள். “அப்பா, ரிசப்ஷன்ல நாங்க எல்லாரும் ஆடுவோம். நீங்களும் ஒரு பாட்டுக்கு ஆடுதீங்களா?”

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க முன்னால என்னைக் கோமாளியா நிக்கச் சொல்லுதியா?”

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. “சும்மாதாம்ப்பா கேட்டேன்” என்று காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இந்தப் பெண் என்னிடம் அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்டதே கிடையாது. வீட்டைவிட்டுப் போகப்போகும் நேரத்தில் ஒன்று கேட்டாள். அதற்கும் வள்ளென்று விழுந்தேனே!

சரி, ஆடிவிட வேண்டியதுதான். ஆனால் எனக்கு ஆட்டம் வராவிட்டால்? அதனால் கற்று முடிக்கும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவு செய்தேன். முக்கியமாக மனைவி சாந்திக்கு. அவளுக்குத் தெரிந்தால் எங்கள் ராஜபாளையத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த மாதிரி.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இருப்பது மாடியறையில். காலையில் கயல் கிருஷ்ணன்கோவிலில் பாடம் நடத்தக் காலேஜ் பஸ் ஏறிவிடுவாள். சாந்தி கீழே தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். நான் “பத்தி எழுதப் போறேன்” என்று மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். (போன மாதப் பத்திகள் சுமார் என்று கடிதம் போட்ட வாசகர்களே... காரணம் இப்போது புரிகிறதா?)

‘ஐம்பது வயதுக்கு மேல் எளிதாக நடனம்’ என்று தேடினேன். ஒரு வீடியோவில் ஓர் அம்மணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டே ஆடக் கற்றுக்கொடுத்தார். எனக்கென்றே பிறந்த குரு!

மூன்றாம் நாளே சோதனை வந்தது. சாந்தி கல்யாணத்துக்காக ‘ஐம்பொன் வளையல்’ தேட உட்கார்ந்தாள். ‘ஐம்’ என்று அடித்ததும் கீழே ‘ஐம்பது வயதுக்கு மேல் எளிதாக...’ என்று எட்டிப் பார்த்தது. நல்லவேளை, அவள் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். என் காலேஜ் தோழன் ஜெய்லானி அங்கேதான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கம்ப்யூட்டரில் தேடியதைக் காட்டிக்கொடுக்கும் ஹிஸ்டரியை அழிக்க வேண்டும் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

“ஏலே, இந்த வயசுல எதைலே பாத்துத் தொலைச்ச?”

சொன்னேன். கடையே அதிரும்படி சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாப்ளே, நீ பாத்தது அம்புட்டும் மறைஞ்சு கெடக்குற ஒரு ஃபோல்டர்ல இருக்கும். செத்த நேரம் உக்காரு” என்றான்.

நோட்பேடில் நாலே வரி அடித்தான். முதல் வரி பிரவுசரை மூடிவிடும். மற்ற மூன்றும் அந்த மறைவான ஃபோல்டருக்குள் போய், பார்த்த பக்கங்களின் பட்டியல், சேர்ந்திருக்கும் படங்கள், லாகினை நினைவில் வைத்திருக்கும் குக்கீ எல்லாவற்றையும் துடைத்துவிடும். இரண்டு தடவை கிளிக் செய்தால் போதும். கம்ப்யூட்டருக்கு எழுதும் ஸ்கிரிப்ட் என்பது அவ்வளவுதானா!

“ஒண்ணு மட்டும் நெனப்புல வச்சுக்க. லாகின் எல்லாம் போயிரும். பொறவு நீதான் திரும்பப் போடணும்.”

அரை கிலோ பால்கோவா வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

அந்த ஃபைலுக்கு ‘பழைய பத்திகள்’ என்று பெயர் வைத்தேன். எங்கள் வீட்டில் அதை யாரும் திறக்க மாட்டார்கள் என்பது உறுதி. தினமும் ஆடி முடித்ததும் இரண்டு கிளிக். லாகின் போயிருந்தால் சாந்திக்குச் சந்தேகம் வருமே... அதனால் வீட்டு மெயில் ஐடியை நானே மறுபடி போட்டு வைத்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன். எங்கள் குடும்பத்துக்கே ஒரே மெயில் ஐடி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்ட நாட்கள் அவை.

வரவேற்பு நாளும் வந்தது. கயலின் தோழிகள் ஆடி முடித்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடையேறினேன். கயல் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, திரும்பு...

திரும்பிய பிறகு என்ன? மறந்துவிட்டது! கூட்டத்தைப் பார்த்த பயத்தில் ஒன்றரை மாதப் பயிற்சியும் துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கோமாளியாகத்தான் நின்றேன்.

அப்போது பக்கத்தில் ஒரு குரல். “வலது கால முன்னால வைங்க. கையத் தூக்குங்க.”

சாந்தி! பட்டுச்சேலையோடு மேடையேறி, அடுத்த ஸ்டெப்பை அச்சு அசலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் பிடித்துக்கொண்டேன். மண்டபமே விசிலடித்தது. கடைசி அடிக்கு முன்பே கயல் ஓடி வந்து எங்கள் இருவரையும் கட்டிக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் அதே கதிதான்.

பந்தியில் உட்கார்ந்ததும் சாந்தியிடம் கேட்டேன். “உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க பாத்த வீடியோ எல்லாம் தெனமும் என் போன்ல வந்து நின்னுச்சு. ஒரே மெயில் ஐடில்ல? நானும் கீழ கதவச் சாத்திட்டு ஆடிப் பாத்தேன்.”

கம்ப்யூட்டரைத்தான் துடைத்திருக்கிறேன். மெயில் ஐடியில் சேர்ந்ததை அல்ல. அந்த ஐடியையும் நானே தினமும் போட்டு வைத்திருக்கிறேன்!

“போன்ல வராட்டி தெரிஞ்சிருக்காதுல்ல?” என்றேன், விடாமல்.

“அது சரி! கம்ப்யூட்டர்ல இருந்ததை அழிச்சீங்க. என் தலைக்கு மேல தொம்மு தொம்முன்னு குதிச்சீங்களே, அந்தச் சத்தத்தை எந்த ஃபோல்டர்ல போய் அழிப்பீங்க?”

“பொறவு ஏன் சொல்லல?”

“நீங்க அம்புட்டு ஆசையா மறைச்சீங்க. அதை எதுக்குக் கெடுக்கணும்?”

வீட்டுக்குள் ரகசியம் என்று நாம் நினைப்பதெல்லாம் அநேகமாக இதுதான். கூட இருப்பவர்கள் தெரியாத மாதிரி இருந்து நம்மைக் காப்பாற்றுகிறார்கள்.

இப்போது நாங்கள் மேடையில் ஆடிய வீடியோ சேத்தூரிலிருந்து ஆலங்குளம்வரை எல்லாச் சொந்தக்காரர்களின் போனிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று ஜெய்லானி கூப்பிட்டான். “மாப்ளே, இதை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதட்டுமா?”

“எழுதிப் பாரு... இனிமே உனக்குப் பால்கோவா கிடையாது!”