அக்காவுக்கு ஒதுக்கிய நான்கு படங்கள்

புதுப் பிலிம் சுருளின் மேல்தாளைப் பிரித்தால் பசையும் மருந்தும் கலந்து லேசாகப் புளித்த ஒரு வாசனை எழும். அதை மூக்கருகே வைத்துக்கொண்டு, "அது இன்னா திங்கற பொருளா?" என்று அம்மா அதட்டுகிறவரை முகர்ந்துகொண்டே இருப்பேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அறுபதுகளின் நடுப்பகுதி. செஞ்சிக் கடைவீதியில் நைனாவுக்கு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. அந்த வீட்டில் என்னோடு பேச ஆளாக இருந்தவள் என் அக்கா ஒருத்திதான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவளை வல்லத்தில் கட்டிக்கொடுத்தபோது, கல்யாண வீடென்றும் பாராமல் நான் இரண்டு நாள் சோறு தின்னாமல் அழுதுகொண்டு கிடந்தேன் என்று பிற்பாடு எல்லோரும் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்கள்.

அந்த அழுகையை நிறுத்தத்தான் சென்னையில் ரயில்வே வேலையிலிருந்த மாமா தன்னுடைய பழைய கேமராவை எனக்குக் கொடுத்தார். கறுப்புத் தகரப் பெட்டி, முன்னால் ஒரு கண்ணாடி வட்டம், பக்கத்தில் ஒரு திருகு. பின்பக்கத்தில் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு ஜன்னல். எத்தனையாவது படம் என்கிற எண் அதில் தெரியும். தெருப் பிள்ளைகளுக்கு அது "போட்டோப் பொட்டி". ஒரு சுருளில் பன்னிரண்டு படம். சுருள் தீர்ந்த பிறகும் விசையைத் தட்டினால் பெட்டி 'டக்' என்றுதான் சொல்லும், உள்ளே பிலிம் இருக்கிறதா இல்லையா என்று அது யாருக்கும் காட்டிக்கொடுக்காது. இதை நன்றாகத் தெரிந்துகொண்டவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்தி மட்டுமே.

கோட்டை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ராஜகிரி உச்சியை நோக்கி மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்க, நான் கீழே அகழி ஓரத்தில் குந்திக்கொண்டு தண்ணீரில் தலைகீழாக நின்ற பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சீத்தாச் செடியின் நிழல் பாறைமேல் விழுவது, ஓணான் வெயிலில் தலையாட்டுவது, மழை பெய்து ஓய்ந்த பாறைக் குழியில் ஒரு துண்டு வானம் கிடப்பது, இதெல்லாம் அக்கா போன பிறகுதான் என் கண்ணில் பட ஆரம்பித்தது. பெட்டியின் மேலே இருந்த சின்னக் கண்ணாடிக்குள் அதையெல்லாம் குனிந்து பார்க்கும்போது வீட்டு நினைப்பே வராது. பிலிமோ எப்போதாவது மாமா வந்தால்தான் கிடைக்கும். அதனால் பாதி நாள் வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுத் திரும்புவேன். அப்படியும் மனசு நிறைந்துதான் இருக்கும்.

மறு வருஷம் அக்கா உண்டானாள். அத்தான் பட்டாளத்தில் இருந்தார், எங்கோ வடக்கே எல்லையில். வளைகாப்புக்கு வர லீவு இல்லை என்றும், பூச்சடை வைத்த கோலத்தில் அக்காவை ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றும் கடிதம் எழுதியிருந்தார். அக்காவின் மாமியாருக்கு இது அறவே பிடிக்கவில்லை. முழுகாமல் இருக்கிறவளைப் படம் பிடித்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆயுசு குறையும் என்பது அந்தம்மாவின் முடிவான எண்ணம். அதுவரை மாமியாரை நிமிர்ந்து பார்த்துப் பேசாத அக்கா, அன்றைக்கு முதன்முதலாக, "அவரு கேட்டிருக்காரு அத்தை, நான் ஒக்காரத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டாளாம். வல்லத்துக்குப் போய்வந்த நைனா இதைப் பெருமையும் பயமுமாக எங்களிடம் சொன்னார்.

மாமா புதுச் சுருள் ஒன்றைப் பெட்டியில் மாட்டிக் கொடுத்து, எட்டுப் படம் உன் இஷ்டம், கடைசி நான்கும் அக்காவுக்கு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். எட்டை நான் அகழியிலும் சக்கரக்குளத்திலும் செலவழித்தேன். பாக்கி நான்கை அப்படியே காப்பாற்றிக்கொண்டுதான் வளைகாப்புக்கு முந்தின நாள் வல்லத்துக்குப் போனேன். அதுவரை என்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அங்கே போனால் அக்காவைச் சுற்றி ஒரே கூட்டம். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்காரக்கூட இடம் கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். ஏரி நிரம்பிக் கிடந்தது. பனி இன்னும் விலகவில்லை. கோரைக்குள் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. ஒன்றுதானே என்று எடுத்தேன். பிறகு அல்லிப்பூக்கள், பிறகு கரையில் சாய்ந்து தண்ணீரைத் தொட்ட ஒரு வேலமரம். கடைசியாக, கழுத்துவரை தண்ணீரில் கிடந்த எருமையின் இரண்டு கொம்புக்கும் நடுவில் ஒரு கரிச்சான் வந்து உட்கார்ந்து, ஏதோ ஊர் நாட்டாமை போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. விசையைத் தட்டித் திருகைத் திருப்பினேன். சிவப்பு ஜன்னலில் எண் வரவில்லை, வெறும் தாள் ஓடியது.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். திட்டு விழுந்திருக்கும், திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பி வேறு பிலிமுக்கு ஏற்பாடு செய்திருப்பார்கள். சொல்லவில்லை. பயம் பாதி, அக்கா என்னைக் கவனிக்கவில்லை என்ற கோபம் பாதி. இதில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஐம்பது வருஷம் ஆயிற்று.

வளையல் பூட்டி முடித்ததும் முற்றத்து வெளிச்சத்தில் நாற்காலி போட்டு, பூச்சடை தெரிவதற்காகப் பின்னால் நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அக்காவை உட்காரவைத்தார்கள். தாழம்பூவும் கனகாம்பரமும் தைத்த சடை. முகமெல்லாம் வேர்வை. மாமியார் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் நான்கு தடவை 'டக்' என்று தட்டினேன், ஒவ்வொரு தடவைக்கும் திருகை வேறு திருப்பினேன். "நல்லா வருமா பாப்பா?" என்று அக்கா கேட்டாள். வரும் என்றேன்.

சீமந்தம் முடிந்து அக்காவைச் செஞ்சிக்கு அழைத்துவந்துவிட்டோம். திண்டிவனம் ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவி, படங்களை உறையில் போட்டு வாங்கிவந்தார் நைனா. அதைப் பிரிக்கும் உரிமை எனக்குத்தான் என்று பிடுங்கிக்கொண்டு போய், ஏரிப் படங்கள் நான்கையும் அவற்றின் நெகட்டிவையும் பழைய பிஸ்கட் டப்பாவில் ஒளித்தேன். எட்டை மட்டும் கொண்டுவந்து கொடுத்து, கடைசி நான்கும் வெளிச்சம் பட்டு அழிந்துவிட்டதாக ஸ்டுடியோக்காரர் சீட்டு எழுதியிருக்கிறார் என்றேன். சீட்டைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அக்கா, "பரவால்ல, நீ இன்னா பண்ணுவ" என்றாள். சேதி வல்லத்துக்குப் போனதும் மாமியார் சொல்லி அனுப்பியது ஒரே வாக்கியம்: "சாமியே வேணாம்னு அழிச்சிடுச்சு."

அடுத்த மாதக் கடைசியில் எங்கள் வீட்டில்தான் பிரசவம். பெண் குழந்தை. இறந்தே பிறந்தது.

பத்து நாள் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு மத்தியானம் நான் கஞ்சி கொண்டுபோனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான்தாண்டி கொன்னுட்டேன் பாப்பா. அவ்ளோ சொன்னாங்க. ஆசைப்பட்டு ஒக்காந்தேன். படம் அழிஞ்சப்பவே தெரிஞ்சிருக்கணும்."

இதைத்தான் வாசகர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். படம் எடுத்தால்தானே அந்தம்மாவின் கணக்குப்படி ஆயுசு குறையும்? எடுக்கவே இல்லையே. அந்த மூடநம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டாலும் அக்காமேல் ஒரு பழியும் கிடையாது. 'பெட்டியில் பிலிமே இல்லக்கா' என்ற ஒரு வாக்கியம் போதும், அவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள். கஞ்சி ஆறிப்போகும், குடி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வேறு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் அகழிப் படங்கள் எட்டையும் எடுத்துப் போய் அவள் தலைமாட்டில் வைத்தேன். முதல் இரண்டு நாள் தொடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். நமக்குத் தெரிந்த பனைமரம்தானா இது என்று கேட்டாள். வேறு இல்லையா என்று கேட்டாள். நான் போய்ப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். வேறு சுருளில் எடுத்தது என்று சொல்லி அந்த நான்கையும் அவள் கையிலேயே கொடுத்தேன். எருமையையும் கரிச்சானையும் பார்த்து அவள் சிரித்தாள், குழந்தை போன பிறகு முதல் சிரிப்பு. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

உடம்பு தேறியதும் அக்கா என்னோடு கோட்டைக்கு வர ஆரம்பித்தாள். பெட்டியைத் தானே வாங்கிக் குனிந்து பார்த்தாள். மெல்ல மெல்லக் கேமரா அவளுடையதாகிவிட்டது. அத்தான் ஊர் திரும்பிய பிறகு வல்லத்து ஏரியையும் கடலைக் கொல்லையையும் மேகத்தையும் கொக்கையும் வருஷக்கணக்காக எடுத்தாள், என்னைவிட நன்றாகவே எடுத்தாள். பிற்பாடு பிறந்த இரண்டு பையன்களையும் எடுத்தாள். ஆனால் அவளை எடுக்க யாரையும் விட்டதில்லை. அந்த இரண்டு பையன்களின் கல்யாண ஆல்பத்திலும் அவள் இல்லை. "போட்டோப் பொட்டி இல்லன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன், பாப்பாதான் காப்பாத்துச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நான் காப்பி போடும் சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

திண்டிவனத்து ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சுருள் பிலிமை என் பேரப்பிள்ளைகள் கண்டதில்லை. அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை அவரிடம் மனைவியின் படம் ஒன்றுகூட இல்லை. அக்காவிடம் தன் முகம் உள்ளதாக இருப்பது வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை இரண்டும்தான், அவற்றுக்கு உட்கார்ந்துவிட்டு வந்த ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் பேரன்களுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டிருந்தாள். எண்பதைத் தாண்டிவிட்டாள், என்னோடுதான் இருக்கிறாள். பார்வை போய் மூன்று வருஷமாகிறது. பேப்பரோ பத்திரிகையோ எது வந்தாலும் நான்தான் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னா எழுதற என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். கோட்டையைப் பற்றி என்றேன். அச்சில் வந்ததும் கட்டாயம் படிக்கச் சொல்லுவாள். எந்தெந்தப் பத்திகளைத் தாண்டிப் படித்தால் அவளுக்குத் தெரியாமல் போகும் என்று என் மனசு இப்போதே பார்த்துவைக்கத் தொடங்கிவிட்டது.